சேது நாடு: இராமநாதபுர மாவட்டத்தின் நிலமும் வரலாறும்

பாக்கு நீரிணையின் மறுகரையிலே அமைந்துள்ள இராமநாதபுர மாவட்டம் ஈழத்தவர்க்குப் பெயரளவில் மிகவும் பழக்கமானது. சேதுவில் நீராடச் சென்றோரும், வாணிகம் கருதிச் சென்றோரும், கல்வி கருதிச் சென்றோரும் பன்னெடுங்காலமாக அதன் கரையிலேயே அடி வைத்தனர். ஆயினும் இராமேசுவரத் திருக்கோயிலை அறிந்தோர் பலராக, அக்கோயிலைத் தாங்கி நிற்கும் நாட்டை அறிந்தோர் சிலராகவே உள்ளனர். மழை குறைந்து, வற்றாத ஆறு ஒன்றேனும் இன்றி, மலைவளமும் அற்றுக் கிடக்கும் அந்நாடு ஓர் அரசையும், பல துறைமுகங்களையும், புலவர் போற்றிய ஓர் அவையையும் எவ்வாறு பேணி வந்தது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டின் முதலில் நிலத்தை நோக்க வேண்டும். அதன் பின்னரே வரலாறு தெளிவாகும்.

எல்லை

இம்மாவட்டம் 1910ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி ஆகிய மாவட்டங்களினின்றும் பிரித்த பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. அன்றைய இராமநாதபுரம் ஜில்லா மேற்கே சீவில்லிபுத்தூர் வரை பரந்து கிடந்தது. 1985ஆம் ஆண்டில் அது மூன்றாகப் பிரிந்தது. மேற்குப் பகுதி இன்று விருதுநகர் மாவட்டம் எனவும், வடமேற்குப் பகுதி சிவகங்கை மாவட்டம் எனவும் வழங்கும். கடலோரப் பகுதி மாத்திரம் பழைய பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. ஏறக்குறைய 4,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இப்பகுதியில், 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 13,53,445 மக்கள் வாழ்ந்தனர். வடக்கே புதுக்கோட்டையும் சிவகங்கையும், மேற்கே விருதுநகரும், தென்மேற்கே தூத்துக்குடியும் எல்லைகளாகும். கிழக்கே பாக்கு நீரிணையும், தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்துள்ளன.

இரு மண், இரு கடல்

மாவட்டம் பெரும்பாலும் சமதரை. மேற்கினின்றும் கிழக்கு நோக்கிச் செல்லும் நிலச்சரிவு கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியது. கமுதி, முதுகுளத்தூர் முதலிய மேற்குப் பகுதிகளில் கரிசல் மண் காணப்படும். அங்கே பருத்தியும் மிளகாயும் சிறுதானியங்களும் விளைகின்றன. இந்நாட்டின் உருண்டை வடிவான முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கிழக்கே செல்லச் செல்ல மண் மணற்பாங்காக மாறும். கரையோரம் முழுவதும் பனையே நிற்கும். யாழ்ப்பாணத்தினின்றும் செல்பவர் ஒருவர்க்கு அக்கரையோரம் புதிய நாடாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

தமிழ்நாட்டு மாவட்டங்களுள் மிக நீண்ட கடற்கரை உடையது இதுவே. அக்கரையை இரு கடல்கள் தழுவுகின்றன. வடகிழக்கிலுள்ள பாக்குக் கடல் ஆழம் குறைந்தது, சேற்றுத் தரை உடையது. தெற்கிலுள்ள மன்னார் வளைகுடா ஆழமானது. பவளப் பாறைகளும் சங்கும் முத்துச் சிப்பியும் உடையது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கத் தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வீசும்போது இந்நிலை மாறும். இதனால் மீனவர் பருவத்துக்கேற்ப ஒரு கடலை விட்டு மறுகடலுக்குச் செல்லும் வழக்கம் உண்டாயிற்று. வளைகுடாவில் தூத்துக்குடி தொடக்கம் பாம்பன் ஈறாக 21 சிறு தீவுகள் உள்ளன. இவை 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டன.

இவ்விரு கடல்களையும் பிரித்து நிற்பன இராமேசுவரத் தீவும், அதன் முனையினின்றும் தலைமன்னார் வரை தொடரும் மணல் திட்டுகளுமேயாம். ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளமுள்ள அத்திட்டுகளையே சேது என்றும், இராமர் அணை என்றும் மக்கள் போற்றுவர். நாட்டுக்கும், அதன் அரசர்க்கும், ஈழத்து அரசர் சிலர்க்கும் பெயர் தந்தது இம்மணல் வரிசையே.

நீரைத் தேக்கிய நாடு

இந்நாட்டின் வாழ்வு நீரைப் பொறுத்தது. ஆண்டு மழைவீழ்ச்சி சராசரி 820 மில்லிமீற்றர் அளவினது. அதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள குறுகிய காலத்திலேயே பெய்துவிடும். எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கும் அந்நீரைக் கொண்டே காலங்கழித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தார்க்கு நிலத்தடியிலே சுண்ணாம்புக் கல் நீரைத் தேக்கி வைத்தது. சேது நாட்டார்க்கு இயற்கை அவ்வுதவியைச் செய்யவில்லை. எனவே அவர் நிலத்தின் மேலேயே நீரைத் தேக்கக் கற்றனர்.

பாண்டி நாட்டில் ஏரியைக் கண்மாய் என்பர். மெல்லிய சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவாக மண்கரை எழுப்பினால் மழைநீர் அதன் முன்னே பரந்து நிற்கும். மடை வழியாக நீர் வயலுக்குச் செல்லும். மிஞ்சிய நீர் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த ஊர்க் கண்மாயை அடையும். அதன் மிச்சம் அதற்கடுத்த ஊருக்கு ஆகும். இவ்வாறு ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடர்ந்து கடல் வரை செல்லும் கண்மாய் வரிசைகள் இந்நாட்டின் தனிச்சிறப்பாகும். மேலூரார் கரையைப் பேணாது விடின் கீழூரார்க்குக் கேடு. கீழூரார் வரத்துக் காலை அடைப்பின் மேலூரார் வயல் மூழ்கும். ஆகவே கண்மாய் என்பது மண்ணால் அமைந்த கரை மாத்திரமன்று. ஊர்களுக்கிடையே அமைந்த ஓர் உடன்படிக்கையுமாம். குடிநீர்க்கு வேறாக ஊருணிகள் தோண்டப்பட்டன. அவற்றிற் கால் கழுவுதலும் குற்றமாகக் கருதப்பட்டது.

இக்கண்மாய்களுட் பெரியது இராசசிங்கமங்கலத்திலுள்ளது. அதன் பெயரே பாண்டிய மன்னன் ஒருவனை நினைவூட்டுகின்றது. நாற்பத்தெட்டு மடைகளைக் கொண்ட அதனை நாரையும் ஒரே மூச்சிற் பறந்து கடவாது என மக்கள் கூறுவர். வைகை ஆறும் இம்முறைக்கு விலக்கன்று. மேற்கு மலையிற் பிறந்து மதுரையைக் கடந்து வரும் அவ்யாறு இராமநாதபுரம் பெரிய கண்மாயை வந்தடைகின்றது. பெருவெள்ளக் காலத்தில் மிஞ்சிய நீரே ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலிற் கலக்கும்.

வைகை பற்றி நினைவுகூரத்தக்க செய்தி ஒன்று உண்டு. மேற்கே அரபிக் கடலுக்குச் செல்லும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகையிற் சேர்க்கலாம் என்ற எண்ணம் முதன்முதலில் 1789ஆம் ஆண்டளவில் சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்பபிள்ளைக்கே தோன்றியது என்பர். பெருஞ்செலவாகும் என அஞ்சி அது கைவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டின் பின்னர் ஆங்கிலேயப் பொறியியலாளர் பென்னிகுயிக் அவ்வணையைக் கட்டி முடிக்க, 1895ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் வைகையிற் பாய்ந்தது. அந்நீரால் மதுரை வயல்கள் செழித்தன. எண்ணத்தைத் தந்த இராமநாதபுரமோ ஆற்றின் கடைமடையிலே நின்றது. மேலே உள்ளோர் பயன்படுத்திய மிச்சமே அதற்குக் கிட்டியது. 1959ஆம் ஆண்டில் வைகை அணை எழுந்த பின்னரும் அந்நிலை முற்றாக மாறவில்லை.

பண்டைத் துறைகள்

நிலம் கொடாததைக் கடல் கொடுத்தது. வைகை கடலொடு கலக்கும் இடத்துக்கு அணித்தாயுள்ள அழகன்குளத்தில் 1986ஆம் ஆண்டு தொடக்கம் தமிழ்நாட்டுத் தொல்பொருட்டுறையினர் அகழ்வாய்வு நடத்தினர். உரோமர் காசுகளும், பிற நாட்டு மட்கலங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே கிடைத்தன. சங்ககாலத்திலேயே மதுரைக்குக் கடல்வாயிலாக இத்துறை விளங்கியது என்பது இவற்றால் துணியப்படும். இடைக்காலத்திற் பெரியபட்டினம் சிறந்தது. அங்கே கிடைக்கும் சீனப் பீங்கான் ஓடுகள் அதன் வாணிகப் பரப்பைக் காட்டுகின்றன. பின்னர் கீழக்கரை தலையெடுத்தது. அவ்வூர் மரக்காயர்கள் முத்து, சங்கு, அரிசி, துணி ஆகியவற்றைக் கொண்டு இலங்கை முதல் மலாயா ஈறாக வாணிகம் நடத்தினர். புலவர்க்கு வாரி வழங்கிய சீதக்காதி வள்ளல் பிறந்த ஊரும் கீழக்கரையே. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த பெருமையும் அவர்க்குண்டு.

கடலோரத்தை ஒட்டியே தலங்களும் அமைந்தன. இராமேசுவரமும் திருவாடானையும் தேவாரப் பாடல் பெற்றவை. உத்தரகோசமங்கை மணிவாசகர் போற்றியது. திருப்புல்லாணி ஆழ்வார் பாடியது. ஏர்வாடியில் இப்ராகீம் சகீது அவர்களின் தர்காவும், ஓரியூரில் 1693ஆம் ஆண்டில் உயிர்துறந்த அருளானந்தர் எனப்படும் யோன் டி பிரித்தோவின் ஆலயமும் உள்ளன. சிறிய எல்லைக்குள் மும்மதத்தாரும் யாத்திரை செய்யும் தலங்கள் இவ்வாறு நெருங்கி அமைந்திருத்தல் குறிப்பிடத்தக்கது.

சேதுவும் ஈழமும்

இரு கரைகளுக்கும் இடையே நிகழ்ந்த தொடர்பு எப்பொழுதும் நட்பாக இருக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டிய அரசுரிமைப் போரிலே தலையிட்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தன் சேனாதிபதி இலங்காபுரனை இக்கரைக்கு அனுப்பினான். இராமேசுவரத்தைக் கைப்பற்றிய அவன் குந்துகால் என்னும் இடத்திற் கோட்டை அமைத்தான் எனச் சூளவமிசம் கூறும்.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் சேதுகாவலர் எனும் விருதுப் பெயர் பூண்டனர். அவர் வெளியிட்ட காசுகளில் நந்தியின் கீழே ‘சேது’ என்ற சொல் பொறிக்கப்பட்டுள்ளது. கோட்டகமக் கல்வெட்டிலும் அச்சொல்லைக் காணலாம். இராமேசுவரக் கோயிலின் கருவறைத் திருப்பணிக்குத் திருகோணமலையினின்றும் யாழ்ப்பாணத்தரசர் கல் அனுப்பினர் என ஒரு மரபும் வழங்குகின்றது. சேதுவைக் காத்தல் என்பது இரு கரையிலும் அரசுரிமைக்கு ஒரு சான்றாக மதிக்கப்பட்டமை இவற்றாற் புலனாகும்.

சேதுபதிகள்

நாயக்கர் காலத்தில் சேதுவழியில் யாத்திரிகர்க்குப் பாதுகாப்பு இல்லாதிருந்தது. மதுரையை ஆண்ட முத்துக்கிருட்டிணப்ப நாயக்கர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறவர் குலத்தைச் சேர்ந்த சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்று, வழியைக் காக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். அவர் புகலூரிலிருந்து ஆண்டார். திருமலை நாயக்கருடன் போரிட்ட சேதுபதியும் உண்டு; மைசூர்ப் படை மதுரையை நெருங்கியபோது அதே நாயக்கரைக் காத்த சேதுபதியும் உண்டு.

இம்மரபிற் சிறந்தவர் 1710ஆம் ஆண்டு வரை ஆண்ட கிழவன் சேதுபதி ஆவர். தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கற்கோட்டை எழுப்பியவர் அவரே. யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டிருந்த ஒல்லாந்தரோடு முத்து, சங்கு, பாம்பன் கால்வாய் ஆகியவை குறித்து அவரும் அவர் வழிவந்தோரும் பல உடன்படிக்கைகள் செய்தனர். இராமலிங்க விலாசம் என்னும் அரண்மனையின் சுவரோவியங்களில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சேது நாட்டை இன்றும் காணலாம். ஏறக்குறைய 1,200 தூண்களைக் கொண்ட இராமேசுவர வெளிப் பிராகாரம் இம்மரபினர் செய்த பெருந்திருப்பணியாம்.

அரசுரிமைப் பூசலால் 1730ஆம் ஆண்டளவில் நாட்டின் ஐந்தில் இரண்டு பங்கு சிவகங்கைச் சீமையாகப் பிரிந்தது. பிரிந்த வலிமை ஆங்கிலேயர்க்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் வாய்ப்பாயிற்று. 1772ஆம் ஆண்டில் அவர் படைகள் இரு நாடுகளையும் கைப்பற்றின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோயிலில் வீழ்ந்தார். அவர் தேவியாகிய வேலு நாச்சியார் ஐதர் அலியின் துணைபெற்று 1780ஆம் ஆண்டில் நாட்டை மீட்டமை தென்னாட்டு வரலாற்றில் மறக்கற்பாலதன்று. 1795ஆம் ஆண்டில் முத்துராமலிங்க சேதுபதியை ஆங்கிலேயர் சிறைப்படுத்தினர். 1809ஆம் ஆண்டிற் சிறையிலேயே அவர் உயிர் நீத்தார். மருது சகோதரர் இருவரும் 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

ஜமீன்தாரியும் கண்மாயும்

1803ஆம் ஆண்டில் இராமநாதபுரம் நிரந்தரத் தீர்வைக்குட்பட்ட ஜமீன்தாரியாயிற்று. அரசராயிருந்தவர் வரி திரட்டிக் கொடுப்பவராக மாறினார். குறித்த நாளிற் குறித்த தொகையைக் கும்பினிக்குச் செலுத்துதல் முதற்கடமையாயிற்று. மழை பொய்த்தாலும் அத்தொகை குறையாது. அரசுரிமை வழக்குகளும் தொடர்ந்தன. அவற்றுள் ஒன்று இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்று, 1868ஆம் ஆண்டில் கைம்பெண் ஒருவர் மகவேற்கும் உரிமை பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பாக முடிந்தது. வழக்குக்கும் வரிக்கும் பணம் சென்றது. கண்மாய்க் கரைக்குச் செல்ல வேண்டிய பணமும் உழைப்பும் குறைந்தன. வண்டல் படிந்து கண்மாய்கள் மேடிட்டன. வறட்சி இயற்கையின் செயல். அவ்வறட்சி பஞ்சமாக மாறியது பெரும்பாலும் மனிதர் செயல் என்பதை இந்நாட்டு வரலாறு நன்கு காட்டுகின்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்தாரி முறை ஒழிந்தது.

பஞ்சத்தின் ஒரு விளைவை இலங்கை நன்கறியும். 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தொழிலாளருட் பலர் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளின் மக்களேயாவர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்த அவருள் வழியிலேயே மாண்டோர் பலர்.

தமிழ் வளர்த்த அவை

வளங்குன்றிய அக்காலத்திலும் சேது நாடு தமிழைக் கைவிடவில்லை. இராமநாதபுரப் பொன்னுச்சாமித் தேவரின் வேண்டுகோளும் பொருளுதவியும் கொண்டே யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் திருக்குறட் பரிமேலழகர் உரையையும் திருக்கோவையார் உரையையும் அச்சிட்டு வெளியிட்டார். ஈழத்து அறிஞர் ஒருவரின் பதிப்புப் பணிக்குச் சேது நாட்டுச் செல்வம் பயன்பட்டமை தமிழ் அச்சு வரலாற்றிற் போற்றத்தக்க நிகழ்ச்சியாகும். பொன்னுச்சாமித் தேவரின் மைந்தராகிய பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பாஸ்கர சேதுபதி அதற்குத் துணை நின்றார்.

அச்சேதுபதியே விவேகானந்த சுவாமிகளைச் சிக்காகோ மாநாட்டுக்குச் செல்லுமாறு ஊக்கியவர்களுள் ஒருவர். சுவாமிகள் திரும்பி வந்தபோது 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றி, அங்கிருந்து கடல் கடந்து ஜனவரி 26ஆம் நாள் பாம்பனை அடைந்தார். பராக்கிரமபாகுவின் படை கோட்டை கட்டிய குந்துகாற் கரையிலேயே சேதுபதி அவரை எதிர்கொண்டு வணங்கினார். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் படையை ஏற்ற கரை, அன்று ஞானியை ஏற்றது.

பாலமும் புயலும்

1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் புகையிரதப் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீற்றருக்குச் சிறிது மேற்பட்ட நீளமுடைய அப்பாலத்தின் நடுப்பகுதி கப்பல் செல்லும்போது இருபுறமும் மேலெழும்பித் திறக்கும். சென்னையிற் புகையிரதம் ஏறியவர் தனுக்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்பு செல்வர். ஒரே சீட்டிற் பயணம் முடியும்.

1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் அவ்வழியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுக்கோடியை நெருங்கிய புகையிரதத்தைக் கடல் வாரிக்கொண்டது. அதிற் சென்ற நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் தப்பவில்லை. புகையிரத நிலையமும் தபாற்கந்தோரும் சுங்க நிலையமும் கொண்டிருந்த தனுக்கோடி ஒரே இரவில் இடிபாடாயிற்று. பாம்பன் பாலத்தை இரண்டு மாதங்களுக்குள் செப்பனிட்டனர். தனுக்கோடியை மீட்க இயலவில்லை. கப்பற் சேவை இராமேசுவரத்தினின்றும் சிலகாலம் தொடர்ந்து, 1980களிற் போர்க்காலத்தில் நின்றுபோயிற்று. 1988ஆம் ஆண்டில் வீதிப் பாலம் திறக்கப்பட்டது. பழைய புகையிரதப் பாலத்துக்கு மாற்றாக, நடுப்பகுதி நேர் மேலே உயரும் புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது.

மண்டபமும் கடலும்

பாலத்தின் நிலக்கரை முனையில் மண்டபம் என்னும் சிற்றூர் உள்ளது. தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்த முகாம் ஆங்கிலேயர் காலத்தில் அங்கே இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாத்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பியோர் பின்னர் அங்கேயே வந்திறங்கினர். 1983ஆம் ஆண்டின் பின்னர் ஈழத்தினின்றும் படகேறி வந்த அகதிகட்கும் அதுவே முதற் புகலிடமாயிற்று. ஒரே முகாம் ஒரு நூற்றாண்டுக்குள் சென்றோரையும், திரும்பியோரையும், தப்பி வந்தோரையும் கண்டது. இரு கரை மக்களின் அண்மைக்கால வரலாற்றை அறிய இதனினும் சுருக்கமான பாடம் வேறில்லை.

கடலிலும் இன்று ஒரு வழக்கு நிற்கின்றது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடலெல்லையை வகுத்தன, கச்சதீவு இலங்கைக்குரியதாயிற்று. எல்லை வகுக்கப்பட்டபோதும், இழுவைப் படகுகள் பெருகிய பின்னர் இராமேசுவரத்து மீனவர் எல்லை கடப்பதும் கைதாவதும் வழக்கமாயின. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்து மீண்டும் கடலுக்குச் சென்ற வடமாகாண மீனவர் தம் வலைகள் அறுபடுவதையும், கடற்றரை வழிக்கப்பட்டு மீன்வளம் அழிவதையும் கண்டு முறையிடுகின்றனர். இலங்கை 2017ஆம் ஆண்டில் இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இரு புறத்தாரும் ஏழைகள். இரு புறத்தாரும் ஒரே மொழி பேசுவோர். எனினும் கடல் ஒன்றே. அதன் மீனும் அளவுடையதே.

முடிவு

வறண்ட சமதரையும், குறுகிய மழைக்காலமும், ஆழமற்ற கடலும் சேது நாட்டின் முதல்கள். இவற்றைக் கொண்டே அந்நாட்டார் கண்மாய்த் தொடரையும், துறைமுக வாணிகத்தையும், சேதுகாவலையும் அமைத்தனர். மேலூரும் கீழூரும் நீரின் கணக்கை ஒப்புக்கொண்ட காலத்தில் நாடு வாழ்ந்தது. அவ்வொப்பந்தம் தளர்ந்தபோது நாடு தாழ்ந்தது. இன்று கமுதியிற் கடும் வெயிலையே முதலாக்கி 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாற்று ஆற்றலுள்ள சூரிய மின்னிலையம் அமைக்கப்பட்டது. கண்மாய்களிற் படர்ந்த சீமைக்கருவேலைக் களைந்து தூர்வாரும் பணிகளும் நடைபெறுகின்றன.

ஓரூரின் கலுங்கு நீரே மற்றோரூரின் பயிராகும் என்பது அந்நாட்டுக் கண்மாய் கற்பிக்கும் நீதி. இரு கரைக்கும் பொதுவாகிய பாக்குக் கடலும் ஒரு பெருங்கண்மாயே. அதன் நீதியை இரு கரையாரும் ஏற்கும் நாளே சேது என்னும் பெயர் மீண்டும் பொருளுடையதாகும் நாள்.